கேனோவில் ஏறும் முன்பும் ஏறிய பின்பும்

முதல் முறை கேனோ என்ற சிறு துடுப்புப் படகில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். உட்கார்ந்ததும் இரண்டு கைகளாலும் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். படகு சற்றே சாய்ந்தாலும் உடம்பு மரக்கட்டை போல விறைத்துவிடும். அந்த விறைப்புதான் படகைக் கவிழ்க்கிறது. இடுப்புக்குக் கீழே உடம்பு படகோடு சேர்ந்து ஆட வேண்டும். இடுப்புக்கு மேலே நிமிர்ந்து அமைதியாக இருக்க வேண்டும். இது உடம்புக்குப் பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வரும். பிடிபடாதவரை எத்தனை துடுப்பு முறைகளைப் படித்து வைத்திருந்தாலும் தண்ணீரில் உதவாது.

பயம் இருக்கும்வரை இடுப்பு தளராது. ஒருமுறையாவது தண்ணீரில் விழுந்து, படகைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தால்தான் அந்தப் பயம் விலகும். பல பயிற்சிகளில் கடைசியில் வருகிற கவிழும் பயிற்சியை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

நீச்சல் தெரிந்திருந்தால் மிக நல்லது. தெரியாதவர்கள், லைஃப் ஜாக்கெட் அணிந்து பதறாமல் மல்லாந்து மிதக்கவும், அப்படியே கைகளை அளைந்து ஐம்பது மீட்டராவது நகரவும் பழகிய பிறகு படகுக்கு வாருங்கள். அதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். பிடிக்கட்டும்.

எந்தப் படகு

கேனோ மேலே திறந்த படகு. மண்டியிட்டோ சிறு இருக்கையில் அமர்ந்தோ, ஒரு முனையில் மட்டும் அலகு, அதாவது நீரைத் தள்ளும் தட்டையான பகுதி, உள்ள துடுப்பால் ஓட்டுவது. கயாக்கில் கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகு உள்ள துடுப்பை இடம் வலமாக மாற்றிப் போட வேண்டும். பெரும்பாலான கயாக்குகளுக்கு மேல்தளம் மூடியிருக்கும். மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த வகையும் உண்டு. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்க் கேட்டமரான் ஆனதைப் போல, இந்த இரண்டு பெயர்களும் தண்ணீரோடு வாழ்ந்த மக்களின் வாயிலிருந்து வந்தவை. கேனோ, கரீபியன் தீவுகளின் டைனோ மக்கள் சொன்ன சொல். ஸ்பானியர் வழியாகப் பரவியது. கயாக், ஆர்க்டிக் கரையோர இனுயிட் மக்களின் சொல்.

நெதர்லாந்தில் பெஸ்ஸ என்ற ஊருக்கு அருகே 1955இல் நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது, பைன் மரத்தின் ஒரே துண்டைக் குடைந்து செய்த படகு ஒன்று கிடைத்தது. சுமார் 10,000 ஆண்டுகள் பழையது. இதுவரை கிடைத்த படகுகளில் மிகப் பழையது அதுதான் என்று கருதப்படுகிறது. நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அகலமோ அரை மீட்டர்கூட இல்லை. அவ்வளவு ஒடுக்கமான மரத்தொட்டியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்து போயிருக்க முடியாது. இடுப்பைத் தளர்த்தத் தெரிந்தவர்கள்தான் அதை ஓட்டியிருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு அவ்வளவு ஒடுக்கம் வேண்டாம். இருவர் ஓட்டும் கேனோ என்றால் 15 முதல் 17 அடி நீளம் சரியாக இருக்கும். கயாக் என்றால் 9 முதல் 12 அடிவரை உள்ள அகலமான பொழுதுபோக்கு வகை போதும். நீளமான படகு நேராகவும் வேகமாகவும் போகும்; திருப்புவது கடினம். குட்டையான படகு சுலபமாகத் திரும்பும்; ஆனால் நேராகப் போக அடம்பிடிக்கும்.

அடிப்பகுதியின் வடிவத்தைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். தட்டையான அடி கொண்ட படகில் ஏறியவுடன் தரையில் நிற்பது போன்ற உறுதி தெரியும். அலை வந்தால் நிலைமை மாறிவிடும்: தட்டையான அடி அலையின் சரிவோடு தானும் சரியும். ஒரு எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கையே இல்லாமல் கவிழும். உருண்டையான அடி முதலில் கிடுகிடுவென்று ஆடும். ஆனால் நன்றாகச் சாய்ந்த பிறகும் உங்களைத் தாங்கி நிற்கும். தொடக்கத்துக்கு இரண்டுக்கும் நடுவே, லேசாக வளைந்த அடி உள்ள படகு நல்லது.

உடனே சொந்தப் படகு வாங்காதீர்கள். ஒரு பருவமாவது வாடகைப் படகிலோ கழகப் படகிலோ பழகுங்கள். ஏரியில் மெதுவாகச் சுற்றுவதா, ஆற்றில் நீரோட்டத்தோடு விளையாடுவதா, கடலோரத்தில் தொலைதூரம் போவதா, எது உங்களுக்குப் பிடிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். மூன்றுக்கும் படகு வேறு.

துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும்

கேனோத் துடுப்பின் அளவைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. தரையில் மண்டியிட்டு, பின்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி அமருங்கள். துடுப்பைத் தலைகீழாக, கைப்பிடி தரையில் படும்படி எதிரே நிறுத்துங்கள். தண்டு முடிந்து அலகு தொடங்கும் இடம் உங்கள் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையே வந்தால் அது உங்கள் துடுப்பு. கயாக் துடுப்புகள் பொதுவாக 210 முதல் 240 சென்டிமீட்டர்வரை இருக்கும். படகு அகலமானால் துடுப்பும் நீள வேண்டும். காசு மிச்சமிருந்தால் படகைவிடத் துடுப்பில் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் தூக்கி இறக்கப்போகிறீர்கள். அதில் நூறு கிராம் குறைந்தாலும் மாலையில் தோளுக்குத் தெரியும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. படகுக்குள் கழற்றிப் போட்டிருக்கும் ஜாக்கெட் ஜாக்கெட்டே அல்ல. கவிழும்போது அதைத் தேடி எடுத்து, தண்ணீரில் மிதந்தபடியே மாட்டிக்கொள்வது எவ்வளவு கடினம் என்று ஒருமுறை ஆழமில்லாத இடத்தில் செய்து பாருங்கள். பிறகு யாரும் உங்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது. எல்லா வார்களையும் இறுக்கிய பிறகு, நண்பர் ஒருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு. வேறு அளவு எடுங்கள். ஒரு விசிலை அதிலேயே கட்டிவிடுங்கள். திறந்த நீரில் குரல் எட்டாத தூரத்துக்கு விசில் எட்டும்.

உடுப்பை வெயிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். செயற்கை இழையோ கம்பளியோ மேல். காலில் நழுவாத, மூடிய செருப்பு. ஓடும் ஆற்றில் தலைக்கவசம்.

குளிர்ந்த நீரைப் பற்றி ஒரு கணக்கை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: 1, 10, 1. சில்லென்ற நீரில் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அந்த நேரத்தில் வேறு எதையும் செய்ய முயலாமல் மூச்சை மட்டும் அடக்குங்கள். அடுத்த 10 நிமிடம்தான் கை விரல்கள் சொன்னபடி கேட்கும். படகில் ஏறுவதோ உதவிக்கு அழைப்பதோ அதற்குள் நடக்க வேண்டும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும், ஆனால் அதுவரை மிதந்துகொண்டிருக்க ஜாக்கெட் வேண்டும். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், புதியவர்கள் தகுந்த நீர்க்காப்பு உடை இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

முதல் நாள்: கவிழுங்கள்

நெஞ்சளவு ஆழம், ஓட்டமில்லாத நீர், கரையில் பார்த்துக்கொண்டிருக்க அனுபவமுள்ள ஒருவர். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் தொடங்குங்கள்.

துடுப்பில்லாமல் படகின் நடுவில் மண்டியிடுங்கள். முழங்கால்களை அகலமாக விரித்து, பின்பாகத்தை இருக்கையின் விளிம்பில் சாய்த்தால், உடம்பு படகை மூன்று இடத்தில் தொடும். கைகளைத் தலைக்கு மேலே தூக்குங்கள். இப்போது ஒரு முழங்காலில் எடையை அழுத்தி, பிறகு மறு முழங்காலில் அழுத்தி, படகை இடமும் வலமும் ஆட்டுங்கள். தலை நடுவிலேயே நிற்க வேண்டும். முதலில் சிறிய ஆட்டம், பிறகு விளிம்பு நீரைத் தொடும்வரை. பத்து நிமிடத்தில் படகு எவ்வளவு சாய்ந்தும் கவிழாமல் இருக்கிறது என்பது புரியும். அப்புறம் வேண்டுமென்றே ஒரு பக்கம் முழு எடையையும் போட்டுக் கவிழுங்கள்.

விழுந்ததும் மேலே வந்து முதலில் படகைத் தொடுங்கள். பெரும்பாலான படகுகளில் மிதப்பறைகளோ மிதப்புப் பொருளோ இருக்கும். நீர் நிரம்பினாலும் மூழ்காது. தண்ணீரில் ஒரு மனிதத் தலையைவிடக் கவிழ்ந்த படகு தொலைவிலிருந்தே தெரியும். அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த வேண்டாம். துடுப்பு எட்டும் தூரத்தில் இருந்தால் பிடியுங்கள். ஓடும் நீராக இருந்தால் படகுக்கு மேல்பக்கம், அதாவது நீர் வரும் பக்கம் இருங்கள். நீர் நிரம்பிய கேனோ பல நூறு கிலோ எடையுள்ளது. அதற்கும் ஒரு பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கயாக்கில் இடுப்பைச் சுற்றி நீர்க்காப்புத் துணியைப் பொருத்தியிருந்தால், அதன் முன்னால் ஒரு இழுவார் இருக்கும். அது எப்போதும் துணிக்கு வெளியே தெரிய வேண்டும். கவிழ்ந்தவுடன் முன்னால் குனிந்து, வாரை முன்னோக்கி இழுத்து, பிறகு கால்சட்டையைக் கழற்றுவது போல படகை இடுப்பிலிருந்து தள்ளிவிட்டு வெளியே வாருங்கள். பின்னால் சாய்ந்தால் தொடை மேல்தளத்தில் சிக்கும், முகமும் பாறைக்குக் காட்டப்படும். துணியில்லாமல் மூன்று முறை, துணியோடு மூன்று முறை செய்த பிறகு பயம் என்ற பேச்சே இருக்காது.

மற்றொரு படகில் இருப்பவர் உங்களை மீட்கும் முறையையும் அன்றே பழகுங்கள். உங்கள் கவிழ்ந்த கேனோவின் ஒரு முனையை அவர் தன் படகின் குறுக்கே தூக்கி வைத்து, தலைகீழாகவே இழுத்து நீரை வடித்து, புரட்டி நீரில் இறக்குவார். இரண்டு படகுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உங்களை ஏறச் சொல்வார். ஏறும்போது கைகளால் உங்களைத் தூக்க முயலாதீர்கள். கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து உயர்த்தி, வயிற்றால் சறுக்கி உள்ளே போங்கள்.

ஏறுதல், இறங்குதல்

விழுந்து பழகியவர்களுக்கும் இது பிரச்சினை தருகிறது, ஏனென்றால் படகுகள் நடு ஏரியில் கவிழ்வதைவிடக் கரையில்தான் அதிகம் கவிழ்கின்றன. படகு முழுதும் மிதக்க வேண்டும். ஒரு முனை மண்ணில் ஏறியிருந்தால் அது தராசு முள்ளைப் போல ஆடும். ஒருவர் ஒரு முனையை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொள்ளட்டும். ஏறுபவர் குனிந்து இரு விளிம்புகளிலும் கை வைத்து, ஒரு பாதத்தைச் சரியாக நடுக்கோட்டில் வைத்து, மறு பாதத்தை எடுத்து, உடனே தாழ்ந்து அமர வேண்டும். இரண்டு கை, ஒரு கால் என மூன்று பிடிமானம் எப்போதும் இருக்கட்டும். இறங்குவது இதையே தலைகீழாகச் செய்வது.

துடுப்பு போடுதல்

துடுப்பை ஒருமுறை நீரில் இட்டு இழுத்து எடுப்பதை இங்கே ஒரு வீச்சு என்று சொல்கிறேன்.

முன்வீச்சில் எல்லோரும் செய்யும் பிழை, கையால் இழுப்பது. கை சீக்கிரம் சோர்ந்துவிடும். முதுகும் வயிற்றுத் தசையும் அப்படிச் சோராது. மேல் கையால் கைப்பிடியின் உச்சியையும் கீழ்க் கையால் அலகுக்குச் சற்று மேலேயும் பிடித்து, துடுப்புப் போடும் பக்கத்துத் தோள் முன்னால் வரும்படி உடம்பைத் திருப்புங்கள். முன்னால் குனியாமல் திருகுங்கள். கால்முட்டிக்கு முன்னே அலகு முழுதும் நீரில் இறங்கட்டும். பாதி அலகு இறங்கினால் பாதி வேலைதான் நடக்கும். இனி முறுக்கிய உடம்பை அவிழ்த்து விடுங்கள். நீரில் ஊன்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு படகை அதனிடம் இழுத்து வருவதாக நினைத்துக்கொண்டால் உடம்பு தானாகச் சரியாகும். அலகு இடுப்புக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் நீரை மேலே தூக்கிக்கொண்டிருப்பீர்கள். அது படகை அமுக்கி வேகத்தைக் குறைக்கும்.

ஜெர்மனியின் கயாக் வீராங்கனை பிர்கிட் ஃபிஷர் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 18 வயதில் தங்கம் வென்றார். 2004 ஏதென்ஸில் 42 வயதில் தன் எட்டாவது தங்கத்தை வென்றார். கால் நூற்றாண்டுக் காலம் முதல் வரிசையில் நிற்பது வெறும் கைப்பலத்தால் ஆகக்கூடியதில்லை. பந்தயக் காணொளி கிடைத்தால் கையைப் பார்க்காதீர்கள், தோள்கள் திரும்புவதைப் பாருங்கள்.

அடுத்து வரும் சிக்கல்: வலப்பக்கம் துடுப்பு போட்டால் படகு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும். தள்ளுவிசை படகின் நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு ஓரத்தில் விழுவதால் இது இயல்பு. மூன்று வீச்சுக்கு ஒருமுறை பக்கம் மாற்றி இதைச் சமாளிக்கலாம்; நெடுந்தூரப் பந்தயக்காரர்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே பக்கம் போட்டபடியே நேராகப் போகக் கற்பதில் உள்ள இன்பமே வேறு. அதற்குத்தான் ஜே வீச்சு. சாதாரண முன்வீச்சாகத் தொடங்குங்கள். அலகு இடுப்பைக் கடக்கும்போது மேல் கையின் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். அலகு படகுக்கு இணையாக நிற்கும். அப்போது அதைப் படகிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். நீரில் அலகு வரையும் கோடு ஆங்கில ஜே எழுத்தைப் போல இருக்கும். கட்டைவிரல் மேல்நோக்கித் திரும்பினால் அது வேறு வகை; படகு திரும்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேகம் இறங்கும். ஜே வீச்சு ஒரு நாளில் வராது. எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு காலையில், யோசிக்காமலே இருபது வீச்சு நேராகப் போயிருந்ததைக் கவனித்தேன். அன்றைக்குக் கிடைத்த நிறைவு இன்னும் அப்படியே இருக்கிறது.

இருவர் போகும்போது பின்னால் இருப்பவர் திசையைப் பார்ப்பார், முன்னால் இருப்பவர் தாளத்தைக் கொடுப்பார். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் போடுங்கள். படகு கோணினால் முன்னால் இருப்பவரைக் குறை சொல்லாதீர்கள்; பெரும்பாலும் பின்னால் இருப்பவரின் ஜே வீச்சு பழக வேண்டியிருக்கும்.

திருப்ப வேண்டுமானால், அலகைக் கால் பக்கத்தில் இட்டு, நீரின் மேற்பரப்பை ஒட்டியே பின்முனைவரை பெரிய அரைவட்டம் வரையுங்கள். பக்கவாட்டில் நகர, துடுப்பை எட்டித் தொலைவில் ஊன்றிப் படகை அதன்பக்கம் இழுங்கள். படகை நிறுத்த, அலகைப் பின்னிருந்து முன்னே தள்ளும் பின்வீச்சு. இந்த மூன்றையும் ஒரு மிதவையைச் சுற்றிச் சுற்றிப் பழகலாம்.

கடைசியாகத் தாங்கு வீச்சு. படகு சாயும் பக்கம் அலகைத் தட்டையாக நீர்மேல் தட்டி, அந்தக் கணத் தாங்கலில் கீழ் முழங்காலைத் தூக்கிப் படகை இடுப்பால் நிமிர்த்த வேண்டும். தலை கடைசியில்தான் எழ வேண்டும். பயத்தில் தலையை முதலில் தூக்கினால் அதன் எடையே படகை மறுபடி கீழே தள்ளும். முதல் நாள் ஆட்டிப் பழகியது இங்கேதான் கைகொடுக்கிறது. இனுயிட் வேட்டைக்காரர்கள் கவிழ்ந்த கயாக்கைத் தண்ணீருக்குள்ளிருந்தே உருட்டி நிமிர்த்துவதும் இதே இடுப்பு அசைவால்தான். கடல்நாய்த் தோல் போர்த்திய அந்தப் படகுகள் ஓட்டுபவரின் உடலளவுக்கே கட்டப்பட்டவை. உறைகுளிர் நீரில் படகை விட்டு வெளியே வருவது சாவதற்குச் சமம். அதனால் எந்த நிலையில் கவிழ்ந்தாலும், துடுப்பு கை தவறினாலும் எழுவதற்கு வழி கண்டுபிடித்தார்கள். கிரீன்லாந்தில் நடக்கும் மரபுக் கயாக் போட்டிகளில் இன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட உருட்டல் முறைகளைச் செய்து காட்டுகிறார்கள்.

தண்ணீரைப் படித்தல்

ஏரியில் முதல் எதிரி காற்று. அலையே இல்லாத ஒரு காலையில் காற்று போகும் திசையிலேயே ஒரு மணி நேரம் போனேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டோம் என்று நினைத்தேன். திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது. கடைசி ஒரு மணி நேரம் கரையோரமாகப் படகைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு நடந்தேன். அதிலிருந்து எப்போதும் காற்றை எதிர்த்தே புறப்படுகிறேன். களைத்த பிறகு காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கரையிலிருந்து வெளியே வீசும் காற்று இன்னும் ஆபத்தானது. கரையோரத்தில் நீர் கண்ணாடி போலக் கிடக்கும், வெளியே போகப் போகத்தான் அலை தெரியும். இடி கேட்டால் உடனே கரை ஏறுங்கள்.

ஆற்றில் நீரின் மேற்பரப்பே வரைபடம். இரண்டு தடைகளுக்கு நடுவே நீர் ஓடும்போது, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும் நாக்கு போன்ற வடிவம் தெரிந்தால் அது ஆழமான வழி. கூர்முனை மேல்நோக்கி உங்களைப் பார்த்து இருந்தால், அந்த முனையில் பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். அந்த எதிர்ச்சுழல்தான் ஆற்றில் உங்கள் ஓய்விடம். அதிலிருந்து மறுபடி ஓட்டத்துக்குள் நுழையும்போது படகை நீர் போகும் பக்கம் சாய்க்க வேண்டும். மேல்பக்கம் சாய்த்தால் ஓட்டம் அந்த விளிம்பைப் பிடித்து ஒரு நொடியில் புரட்டிவிடும்.

இரண்டு இடங்களைக் கண்டால் கிட்டேயே போகாதீர்கள். ஒன்று, ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம்: நீர் கிளைகளின் வழியே போய்விடும், உங்கள் உடம்பு போகாது, அழுத்திப் பிடித்துவிடும். மற்றது தாழ்வான தடுப்பணை. மேலிருந்து பார்த்தால் சாதுவாக ஒரு கோடு போலத் தெரியும். கீழே நீர் தனக்குள்ளேயே சுருண்டு சுழன்று, விழுந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்துகிறவர்களும் அதில் தப்புவது அரிது. முன்கூட்டியே கரை ஏறி, படகைத் தூக்கிக்கொண்டு கடந்து செல்லுங்கள். வேகமான நீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாதம் பாறை இடுக்கில் மாட்டினால், முழங்காலளவு நீரே ஆளை அமுக்கப் போதும். மல்லாந்து, கால்களை மேற்பரப்புக்குத் தூக்கி, நீர் போகும் திசையில் நீட்டி மிதந்து போய், அமைதியான நீரில் மட்டும் எழுந்திருங்கள்.

ஆறுகளின் கடினம் உலக அளவில் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கப்படுகிறது. முதல் பருவம் முழுதும் 1ஆம் தரத்திலேயே இருங்கள். 2க்குப் போவது அனுபவசாலி ஒருவரோடுதான்.

1976இல் ஹோகுலேயா என்ற இரட்டை உடல் பாய்மரக் கேனோ, ஹவாயிலிருந்து தாஹிட்டிவரை 4,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கருவிகள் ஏதுமின்றிக் கடந்தது. வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியைலக். அவர் விண்மீன்களைப் பார்த்தார், பறவைகளைப் பார்த்தார். மேகம் மூடிய இரவுகளில் பேரலைகள் படகை ஆட்டும் விதத்தை உடம்பால் உணர்ந்தே திசை சொன்னார். தளர்ந்த உடம்புக்கு நீர் எவ்வளவு சொல்லும் என்பதற்கு அந்தப் பயணத்தைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

முதல் பயணம்

புதியவர்கள் அமைதியான நீரில் மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர் போவார்கள். ஓய்வையும் சேர்த்து அரை நாளுக்கு 8 கிலோமீட்டர் போதும். குறைந்தது மூன்று பேராவது போங்கள்: ஒருவருக்கு ஏதாவது ஆனால் ஒருவர் துணையிருக்க, ஒருவர் உதவி தேடலாம். எங்கே நீரில் இறங்கி எங்கே கரை ஏறுவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். குடிநீர், உலர்ந்த மாற்றுடை, முதலுதவிப் பெட்டி, கைபேசி எல்லாம் நீர்புகாப் பைகளில் வைத்துப் படகோடு கட்டப்பட வேண்டும். கனமான பொருளைத் தாழ்வாக, நடுவில் வையுங்கள். முன்முனை பின்முனையைவிட மூழ்கியிருந்தால் படகு சொன்னபடி கேட்காது.

வழியில் படகைத் தூக்கி நடக்க வேண்டி வரலாம். வட அமெரிக்காவின் அல்கான்குவின், ஒஜிப்வே போன்ற மக்கள் தங்கள் கேனோவைப் பூர்ச்ச மரப்பட்டையால் செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பட்டையை ஸ்புரூஸ் மர வேரால் தைத்து, உள்ளே விலா எலும்பு போன்ற தேவதாருச் சட்டங்களைப் பொருத்தி, இணைப்புகளை மரப்பிசினால் அடைத்தார்கள். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தோளில் சுமந்து போகும் அளவுக்கு லேசாக இருந்தது. வழியில் கிழிந்தால் காட்டிலேயே மருந்தும் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் கேனோ 30 கிலோவைத் தாண்டும், ஆகவே இருவர் தூக்குங்கள். முதுகை வளைக்காமல் தொடையால் எழுங்கள்.

பந்தயம் பிடித்துப்போனால்

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக வந்த கேனோ, 1936 பெர்லினில் பதக்க விளையாட்டானது. நேர்கோட்டு விரைவுப் பந்தயம் அமைதியான நீரில் நடக்கும். கேனோ ஓட்டுபவர் அதில் ஒற்றை முழங்காலில் நின்றபடி போடுவார். ஸ்லாலம் பாய்ந்தோடும் நீரில், தொங்கும் கம்பங்களுக்கு நடுவே நடக்கும். பச்சைக் கம்பங்களை ஓட்டத்தோடு கடக்க வேண்டும், சிவப்பை எதிர்த்துக் கடக்க வேண்டும். கம்பத்தைத் தொட்டால் 2 வினாடி, தவறவிட்டால் 50 வினாடி தண்டனையாகச் சேரும். பெண்களுக்கான கேனோப் போட்டிகள் ஒலிம்பிக்கில் இடம்பெற 2021இல் நடந்த டோக்கியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தாமதம் நியாயமே இல்லை. நான்கு கயாக்குகள் ஒன்றாகப் பாயும் கயாக் கிராஸ் 2024 பாரிஸில் சேர்ந்தது.

தனியாகப் போட்டியிட மனமில்லாதவர்களுக்கு டிராகன் படகை மனதாரப் பரிந்துரைப்பேன். சீன மரபிலிருந்து வந்தது. 20 பேர் துடுப்பு போட, ஒருவர் முரசடிக்க, ஒருவர் திசை பிடிப்பார். தாளம் தவறாமல் போடுவது எப்படி என்பதை எந்த ஆசிரியரையும்விட அந்த முரசு வேகமாகக் கற்றுக்கொடுத்துவிடும்.

கரைக்கு வந்த பிறகு

உப்பு நீரிலிருந்து வந்தால் நன்னீரால் படகையும் துடுப்பையும் ஜாக்கெட்டின் கொக்கிகளையும் கழுவுங்கள். ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் படகை எடுத்துப் போகும் முன், ஒட்டியிருக்கும் பாசி, செடித் துணுக்கு, சேறு எல்லாவற்றையும் அகற்றி, உள்ளே தங்கிய நீரைக் கொட்டி, முழுதும் உலர விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு விதையோ சிப்பிக் குஞ்சோ புதிய ஏரியைப் பாழாக்கிவிடும். ஜாக்கெட்டை நிழலில் தொங்கவிடுங்கள்; வெயில் அதன் துணியை நைந்துபோக வைக்கும். படகை நிழலில், தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் தோள்களைவிட வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் வலித்தால் துடுப்பைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.